இன்டர்வியூவில் உங்களைப் பற்றிச் சொன்னேன்

என் பிரியமான அப்பா,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க முடியாது. நாங்கள் நல்லா இருக்கிறோம் என்று எழுதவும் மனசு வரவில்லை. மூன்று மாசமாக உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். செத்துப்போன மனுஷரிடம் எப்படிச் சண்டை போடுவது? குரலை உயர்த்தினால் அம்மாதான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் செய்தி. சென்னை வேலையை விட்டுவிட்டேன். நீங்க போன பிறகு அம்மா கீரனூரை விட்டு அசைய மாட்டேன் என்று நின்றுவிட்டாள். "அங்கிட்டு வந்து நாலு செவத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காரவா? வேணும்னா நீ இங்கிட்டு வா" என்றாள். நானும் வந்தேன். புதுக்கோட்டையில் கோர்ட் இல்லையா, திருச்சியில் இல்லையா? இரண்டு வருஷம் பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்களை வரி வரியாகச் சரிபார்த்தவளுக்கு இங்கே ஒரு நாற்காலி கிடைக்காதா என்று நினைத்தேன்.

நான் தயாரான லட்சணத்தை நீங்க பார்த்திருக்கணும். சென்னைத் தோழிகளிடம் கேட்டு முப்பது கேள்விகள் எழுதி வைத்துக்கொண்டேன். பீரோ கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் பதில் சொல்லிப் பார்த்தேன். அம்மா கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரியட்டும் என்று கேள்வியை மட்டும் தமிழில் சொன்னேன். பெரிய தப்பு.

"அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

"இதென்னடி கேள்வி? இந்த வீட்லதான் இருப்ப. வேற எங்க போவ?"

"உங்களோட பலவீனம் என்ன?"

"காலையில எந்திரிக்க மாட்டேங்கிறது. அதைப் போயி அங்க சொல்லித் தொலைக்காத."

இப்படியாக ஒரு வாரம் தயாரானேன்.

முதல் ஆபீஸ் புதுக்கோட்டையில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். போர்டில் மூன்று வக்கீல் பெயர்கள். அதில் ஒருவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறதாம், போர்டை மாற்ற யாருக்கும் நேரமில்லை. சீனியர் என் பயோடேட்டாவை வாங்கினார். இரண்டு பக்கம், நான்கு நாள் உழைப்பு. அதை அப்படியே மடித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்தார்.

"எந்த ஊரும்மா?"

"கீரனூர் சார்."

"கீரனூர்ல யாரு வீடு?"

"கண்டக்டர் ரெங்கசாமி மக, சார்."

அவ்வளவுதான். மனுஷர் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார். "அட, நம்ம கண்டக்டர் மகளா! உங்கப்பா ஒரு நாளு என்னைப் புதுக்கோட்டை வரைக்கும் நிக்க வச்சே கூட்டிட்டு வந்தாரும்மா. வக்கீலுன்னு சொல்லிப் பாத்தேன். சீட்டுல ஒரு காய்கறிக்காரம்மா ஒக்காந்திருந்துச்சு. அதுவும் டிக்கெட் வாங்கியிருக்கு சார், நீங்களும் வாங்கியிருக்கீங்கன்னுட்டாரு!" அரை மணி நேரம் உங்கள் புராணம். பிறகு கல்யாணம் எப்போது என்று கேட்டார். பையன் பார்க்கிறார்களா, பையன் வெளியூர் என்றால் போய்விடுவாயா என்றெல்லாம் கேட்டார். சட்டத்தில் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? சொல்லி அனுப்புகிறேன் என்றார். இன்றுவரை சொல்லியும் அனுப்பவில்லை, என் பயோடேட்டாவும் திரும்பி வரவில்லை.

இரண்டாவது திருச்சியில். கண்ணாடிக் கதவு, ஏசி, வரவேற்பில் ஒரு பெண். அடடா, நம் கேள்விகளுக்கான இடம் இதுதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே இருந்தவர் என் வயசை விட நாலைந்து வயசுதான் கூட. "சென்னையில இருந்தவங்க இங்க நிலைக்க மாட்டீங்க. ஆறு மாசத்துல ஓடிருவீங்க" என்றார். ஓட மாட்டேன், அம்மா இங்கே இருக்கிறாள் என்றேன். "அப்ப அம்மாவுக்கு முடியலன்னா லீவு போடுவீங்க" என்றார். நான் என்ன பதில் சொன்னால் இவர்கள் திருப்திப்படுவார்கள், அப்பா? போனாலும் குற்றம், இருந்தாலும் குற்றம். நடுவில் இன்னொருவர், அவர் போனிலேயே முடித்துக்கொண்டார்: "சென்னையில நல்ல வேலைய விட்டு யாராவது வருவாங்களா? அங்க என்னம்மா பிரச்சினை பண்ணிட்டு வந்த?"

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது முப்பது கேள்வித் தாளையும் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருந்தது. போட்டிருக்கலாம். இருபத்தேழாவது கேள்விதான் என் தலையில் விழுந்தது.

மேகலா மேடம் ஆபீஸ் புதுக்கோட்டை கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. விபத்து வழக்கு, தொழிலாளர் வழக்கு இரண்டும்தான் அங்கே அதிகம். கூட்டாளி யூசுப் சார், கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். வேலைக்கு எடுத்தால் ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள், கோர்ட்டில் பேச விடுவார்கள், பெண்பிள்ளைகளை வெறும் வாய்தா வாங்க மட்டும் அனுப்ப மாட்டார்கள் என்று எல்லோரும் சொன்ன ஒரே ஆபீஸ் அது. அது கிடைக்காவிட்டால் நான் திரும்ப சென்னைக்குத்தான் போகணும். அம்மா தனியாகத்தான் இருக்கணும். அந்தப் பயத்தோடுதான் உள்ளே போனேன்.

யூசுப் சார் ஒரு வழக்குக் கட்டைக் கொடுத்து, இதற்கு ஒரு மனு எழுதுங்கள், தமிழில், என்றார். என் தயாரிப்பில் அது இல்லை. சென்னையில் இரண்டு வருஷம் நான் தமிழில் எழுதியது மளிகை லிஸ்ட் மட்டும்தான். அரை மணி நேரம் கழித்து நான் நீட்டியதைப் படித்துவிட்டு, "இது உங்க தமிழாம்மா, மெஷின் தமிழா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். எனக்கு அங்கேயே தரையில் புதைந்து போகலாம் போல இருந்தது.

அப்போது மேகலா மேடம் கேட்டார். "உங்க சீனியரே ஒரு பொய்யைச் சொல்லச் சொல்றாருன்னு வச்சுக்கங்க. என்ன செய்வீங்க?"

இருபத்தேழாவது கேள்வி! எழுதி வைத்திருந்தேனே. இதற்குச் சட்டம் பேசாதே, சொந்த அனுபவம் ஒன்றைச் சொல், மனசில் நிற்கும் என்று தோழி சொல்லியிருந்தாள். நான் உங்களைச் சொன்னேன்.

நகைப் பையை பஸ்ஸில் விட்டுவிட்டுப் போன விராலிமலை அம்மாளைத் தேடி, டூட்டி முடிந்த கையோடு இரண்டு பஸ் மாறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தீங்களே, அதைச் சொன்னேன். டெப்போவில் பாராட்டியதைச் சொன்னேன். "என் அப்பா ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை மேடம். அவர் வளர்த்த பொண்ணு நான்" என்று முடித்தேன். கண்ணாடி முன்னால் சொன்னபோது வராத கண்ணீர் அங்கே வந்தது. நல்லதுதான், வேலை கிடைத்துவிடும் என்று கூட உள்ளுக்குள் நினைத்தேன். பாருங்கள், எவ்வளவு கேவலம்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பா பேரு?"

"ரெங்கசாமி, மேடம். கண்டக்டரா இருந்தாரு. இப்ப இல்ல."

"கீரனூரா?"

"ஆமா மேடம்."

அவர் யூசுப் சாரைப் பார்த்தார். யூசுப் சார் ஜன்னலைப் பார்த்தார். "வேணாம் மேகலா" என்று மெதுவாகச் சொன்னார். "இல்ல சார், தெரியாம இங்க வேலைக்கு வந்துட்டு அப்புறம் ஒரு நாள் கட்டுல பாத்தா அது இன்னும் மோசம்" என்றார் மேடம். என் பக்கம் திரும்பி, "உங்கப்பாவை நான் குறுக்கு விசாரணை பண்ணிருக்கேன்மா" என்றார்.

நான் பிளஸ் ஒன் படித்த வருஷம். கீரனூரைத் தாண்டி, புதுக்கோட்டை ரோட்டு வளைவில் உங்கள் பஸ் மோதி ஒருவர் செத்துப்போனார். செல்லையா. மொபெட்டில் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு வந்தவர். டிரைவர் நம் முருகேசன் மாமா. செல்லையாவின் மனைவி பஞ்சவர்ணம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். அவருக்கு வக்கீல் மேகலா மேடம். போக்குவரத்துக் கழகத்தின் சாட்சியாகக் கூண்டில் ஏறியவர் நீங்க.

"டிரைவர் முன்னால போன லாரிய வளைவுல முந்தப் பாத்தாரு. பஸ்ல இருந்த ஒரு டீச்சர் வந்து அதைச் சொன்னாங்க. உங்கப்பா, மொபெட்காரர்தான் திடீர்னு குறுக்க வந்தாருன்னு சொன்னாரு. நானும் கேட்டுப் பாத்தேன். அசையல." மேடம் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கோர்ட் ரெண்டு பேர் சொன்னதையும் எடுத்துக்கிச்சு. பாதித் தப்பு செத்தவர் மேலன்னு தீர்ப்பு, இழப்பீடும் பாதியாப் போச்சு. அப்பீல் போவோம்னேன். அந்தம்மா, 'போதும்மா, எங்க வீட்டுக்காரரு தப்பா ஓட்டுனாருன்னு இன்னொரு தடவ யாரும் சொல்லிக் கேக்க வேணாம்'னு போயிட்டாங்க."

அப்பா டிக்கெட் போட்டுக்கொண்டு இருந்திருப்பார், பார்த்திருக்க மாட்டார் என்றேன். "அப்படிச் சொல்லியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே. பாத்தேன்னுதான சொன்னாரு?" என்றார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு மேல் அலமாரியில் இருந்த பழைய கட்டை எடுக்கச் சொன்னார். குமாஸ்தா அதைத் தேடி எடுக்க இருபது நிமிஷம் ஆனது.

படித்தேன் அப்பா. கோர்ட்டில் சாட்சியத்தை எப்படி எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்டியிருப்பார்கள். "டிரைவர் லாரியை முந்திச் செல்ல முயன்றார் என்றால் சரியல்ல. டிரைவர் என் நண்பர் என்பதால் அவரைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்றால் சரியல்ல. நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." கீழே உங்கள் கையெழுத்து. என் ராங்க் கார்டில் போடுவீங்களே, அதே வளைத்து இழுத்த கோடு.

மேடம் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "சரி. இப்ப அதே கேள்விக்கு உங்கப்பா இல்லாம பதில் சொல்லுங்க."

"தெரியல மேடம். பயப்படுவேன்னு நினைக்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நன்றி சொன்னேனா, செருப்பைச் சரியாகப் போட்டேனா, நினைவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது, மெதுவாகச் சொல்லணும் என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தவள், வாசல் தாண்டும் முன்பே கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான்தான் சொல்லச் சொன்னேன். முருகேசன் பொண்டாட்டி வந்து இங்கதான் ஒக்காந்து அழுதா. வேலை போயிரும், ஜெயிலுக்குப் போயிருவாரு, ரெண்டு பொட்டப் புள்ளையன்னு அழுதா. ஒங்கப்பா முடியாதுன்னுதான் சொன்னாரு. நான்தான், செத்தவன் செத்துட்டான், இருக்கறவனைப் பாருங்கன்னேன்."

"அந்தம்மாவும் இருக்கறவங்கதான?"

அவள் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள். பிறகு, "கோர்ட்டுலருந்து வந்ததும் நேரா கொல்லைக்குப் போயி தலைக்கு ஊத்திக்கிட்டாரு. எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி. ரெண்டு நாளு சாப்பிடல. அப்புறம் சாப்பிட்டாரு" என்றாள்.

அப்புறம் சாப்பிட்டீங்க. அதுதான் அப்பா எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் வேலைக்குப் போனீங்க, வக்கீலை நிக்க வைத்தீங்க, நகைப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தீங்க, என்னைச் சட்டம் படி என்று திருச்சிக்கு அனுப்பினீங்க. நகைப் பைக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீங்க எனக்கு! ஒரு தரமாவது இதைச் சொல்ல வாய் வந்ததா? நான் கோட்டும் கவுனும் போட்டு எடுத்த போட்டோவைப் பார்த்து அழுதீங்களே, அது எதற்கு? சந்தோஷம் என்று அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

நல்லவராக இருந்து தொலைத்திருக்கலாம், இல்லை கெட்டவராகவாவது இருந்திருக்கலாம். இப்படி இரண்டுமாக இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீங்க. நான் என்ன செய்வது?

நான்கு நாள் கழித்து மேகலா மேடம் போன் செய்தார். "திங்கக்கிழமை வந்துருங்க. தமிழ்ல மனு எழுத யூசுப் சார் ஒரு மாசத்துல பழக்கிருவாரு." ஏன் மேடம் என்று கேட்டேன். "பயப்படுவேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் இந்த ரூம்ல சொல்லல. எல்லாரும் உடனே வேலைய விட்டுட்டுப் போயிருவேன்னுதான் சொல்லுவாங்க. ஒருத்தரும் விட்டுட்டுப் போனதில்ல" என்றார். வேலை கிடைத்த சந்தோஷத்தைக் கூட எனக்கு முழுசாகக் கொடுக்கவில்லை நீங்க.

தினமும் அந்த வளைவைத் தாண்டித்தான் இப்போது வேலைக்குப் போகிறேன். சேர்ந்த இரண்டாவது மாசம் ஒரு சாட்சியை நான் பார்த்துப் பேச வேண்டி வந்தது. பொன்னமராவதிப் பக்கம் ஓடும் மினி பஸ் கண்டக்டர். எதிரே வந்த வேன் ஒரு கூலிக்காரரை அடித்ததைப் பார்த்தவர். அடிபட்டவருக்காக நாங்கள் வழக்கு நடத்துகிறோம். சாட்சி சொல்ல வருகிறேன் என்று ஒத்துக்கொண்டவர், விசாரணை அன்றைக்குக் காலையில் கோர்ட் வாசல் டீக்கடையில் இழுத்தார்.

"வேன் டிரைவரு எனக்குப் பங்காளி முறைங்க, மேடம். நாளைக்கு நல்லது கெட்டதுல மூஞ்சியப் பாக்கணும். நான் என்ன சொல்லட்டும்?"

"பாத்ததைச் சொல்லுங்க."

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான்."

"அதான மேடம் கஷ்டம்" என்றார். சிரிக்கவில்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது, உங்கள் மேலேயே வந்த எரிச்சல். "உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?" என்று கேட்டேன். "ஒரே பொண்ணுங்க, எட்டாவது படிக்கிது" என்றார். "நீங்க சொல்றதை உள்ள எழுதி வைப்பாங்க. என்னைக்காச்சும் உங்க பொண்ணு அதைப் படிக்கும்" என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எந்தக் கண்டக்டரின் பெண் இப்படிப் பேசுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உள்ளே போய்ச் சொன்னார். முழுசாகச் சொன்னார் என்று எழுத ஆசைதான். வேன் வேகமாக வந்ததைச் சொன்னார். டிரைவர் போன் பேசிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டார். எங்களிடம் முன்பு சொன்னது அது. வெளியே வந்து, "இம்புட்டுத்தான் மேடம் வந்துச்சு" என்று தலையைச் சொறிந்தார். திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கூண்டில் ஏறும் மனுஷனின் கையை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தரம். உங்கள் கையும் நடுங்கியிருக்குமா? மேடத்திடம் இன்னும் கேட்கவில்லை. நடுங்கவில்லை என்று சொல்லிவிட்டால்?

பஞ்சவர்ணம் அம்மா இருக்கும் ஊர் நம் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம்கூட இல்லை. மேடத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "போறதுன்னா வக்கீலா போகாதீங்க. எதையும் திருப்பித் தர்றேன்னும் சொல்லாதீங்க, முடியாது. போயி என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியல" என்றார் மேடம். எனக்கும் தெரியவில்லை. அந்தம்மா கதவைச் சாத்தலாம். சாத்த அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவர் கணவர் ஒழுங்காகத்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார் என்பதை நம் வீட்டு வாயிலிருந்து ஒரு தரமாவது அவர் கேட்கணும் இல்லையா? தீர்ப்பை மாற்ற என்னால் ஆகாது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆகும்.

நேற்று சாப்பிடும்போது அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றேன். சண்டை வரும் என்று தயாராகத்தான் இருந்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தட்டைக் கழுவிவிட்டு வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நானும் வாரேன். சொல்லச் சொன்னவ நான்தான."

ஆகவே அப்பா, நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். உங்களைக் காப்பாற்றப் பேச மாட்டேன், உங்களைத் திட்டியும் பேச மாட்டேன். நகைப் பையைப் பற்றி வாயே திறக்க மாட்டேன், அது சத்தியம். யாரு என்று அந்தம்மா உள்ளேயிருந்து கேட்டால், வேறு பெயர் எதையும் சொல்லாமல், முதலில் உங்கள் பெயரைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
கண்டக்டர் ரெங்கசாமி மகள்,
கார்த்திகா